தூங்க வைத்த வாக்குமூலம்

கார்மெனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொன்னவர் வாயிலிருந்து "போடு" என்ற சொல் வராதவரை ஓர் எழுத்தைக்கூட அவள் சேமித்து வைக்க மாட்டாள். ஈப்போ பழைய டவுனில், மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தொழிலாளர் உதவி மையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. வேலை போனவர்கள், அடிபட்டவர்கள், வேறு போக்கிடம் தெரியாதவர்கள் என்று யாராவது படியேறி வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் லேப்டாப்பில் தட்டுவாள். முடிந்ததும் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்துக் காட்டுவாள். போடு என்றால் சேமிப்பாள். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே சேமிக்காமல் மூடிவிடுவாள். சொன்னது சொன்னவரோடு போய்விடும்.

இது நல்ல வழக்கமா என்று மையத்தில் கேட்டால் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். தானாகச் சேமிக்கும் வசதியைக்கூட அவள் நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு கரண்டு போவும், நீ தட்டுனதெல்லாம் காத்துல போவும், அப்ப தெரியும்லா உனக்கு" என்பார் மகேந்திரன். அவர்தான் மையத்தை நடத்துகிறவர். தொழிற்சங்கத்தில் தொண்டை கிழியப் பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே மேடையில் பேசுவது போல இருக்கும். காலையில் எல்லாரும் கூடுவதை ரப்பர் தோட்டத்து வழக்கப்படி இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார். பெரட்டுக்குத் தாமதமாக வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

"பாவசங்கீர்த்தனம் கேக்கற ஃபாதர் அதைக் கொப்பியில எழுதி வைப்பாராண்ணே?" என்று கார்மென் திருப்பிக் கேட்பாள்.

"நீ ஃபாதரா?"

"அதுக்காக?"

அவளிடம் பேசி ஜெயித்தவர் இல்லை.

அந்த லேப்டாப் பழசு. மின்கம்பியைப் பிடுங்கினால் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. கார்மெனோ தோட்டம் தோட்டமாகக் காரில் போகிறவள். போகிற வழியில் அது பொட்டென்று அணைந்துவிடும். அதனால் ரூபனிடம் சொன்னாள். ரூபன் அவள் கணவன் வழியில் சொந்தம். ஒரு கல்லூரியில் கணினிப் பிரிவில் வேலை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை டியூசனில் இறக்கிவிட்டு, அவர்கள் வகுப்பு முடியும்வரை மையத்துக்கு வந்து எதையாவது சரிபார்த்துக் கொடுப்பான்.

"மூடியை மூடுனா தூங்கற மாதிரி செஞ்சு தாரேங்கா" என்றான். தூக்கம் என்று அவன் சொன்னதற்கு ஹைபர்னேட் என்று பேர். மூடியை மூடியதும் திரையில் என்னென்ன இருக்கிறதோ, பாதி தட்டிய வரி உட்பட, எல்லாம் வட்டின் ஒரு மூலையில் எழுதப்பட்டுவிடும். பிறகு கணினி முழுக்க அணைந்துபோகும். எத்தனை நாள் கழித்துப் பொத்தானை அழுத்தினாலும், அந்த மூலையிலிருந்து எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலேயே விழித்துக்கொள்ளும். அந்த மூலையின் பேர் ஸ்வாப். அவள் கண் முன்னாலேயே மூடித் திறந்து காட்டினான். பாதியில் நின்ற வரி பாதியிலேயே நின்றிருந்தது. கார்மென் குழந்தை மாதிரி கை தட்டினாள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த சனிக்கிழமை ரூபன் உள்ளே நுழையும்போதே பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த மூலையில எழுதி வைக்கும்னு சொன்னியே. நான் சேவ் பண்ணாததையுமா எழுதும்?"

"ஆமாக்கா. மெமரில இருக்கற எல்லாத்தையும்."

"அலாமா! அப்ப நான் வேணாம்னு மூடுனதெல்லாம் அங்க கெடக்குமா? லேப்டாப்பை எவனாச்சும் தூக்கிட்டுப் போனா படிச்சிடுவானா?"

"தெரிஞ்சவன் கையில மாட்டுனா தேடி எடுக்கலாம். மத்ததெல்லாம் பூட்டியிருக்கு. அந்த மூலை மட்டும் தொறந்துதான் கெடக்கு."

கார்மெனுக்கு முகம் விழுந்துவிட்டது. எத்தனை பேரிடம் எங்கேயும் எழுதவில்லை என்று வாய் கிழியச் சொல்லியிருக்கிறாள். அந்த வாக்குக்கு என்ன மரியாதை?

"அதுக்கும் ஒரு பூட்டுப் போட்டுடலாம்கா" என்றான் ரூபன். "ஒவ்வொரு தடவை ஆன் ஆவும்போதும் மெஷினே புதுசா ஒரு சாவி செஞ்சுக்கும். எனக்குந் தெரியாது, உங்களுக்குந் தெரியாது. ஆஃப் ஆனா அந்தச் சாவி காணாமப் போயிடும். எவன் தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணும் தேறாது."

"யாருக்குமே தெரியாத சாவியா?"

"யாருக்குமே."

"அதான்லா எனக்கு வேணும். போடு."

டியூசன் விடும் நேரம் நெருங்கிவிட்டதால் ரூபன் பரபரவென்று தட்டி முடித்தான். சொன்ன வேலை சுத்தமாக முடிந்தது என்று இரண்டு பேருக்கும் திருப்தி. அந்த வாரமே கமுந்திங்கிலிருந்து துளசி கூப்பிட்டாள்.

தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் பிளாஸ்டிக் வாளியும் கூடையும் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே ராஜு என்பவனின் வலது கை அச்சு மெஷினுக்குள் மாட்டி நசுங்கிப்போனது. மெஷினின் கதவு திறந்தால் மெஷின் தானே நிற்க வேண்டும். அதற்கென்று கதவோரத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அந்த ஸ்விட்சை அமுக்கி மேலே டேப்பை ஒட்டிவிட்டால், கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வேலையும் வேகமாக நடக்கும். யாரோ அப்படி ஒட்டியிருக்கிறார்கள். நிர்வாகமோ, ராஜுவே ஒட்டிக்கொண்டு அவனே கையை விட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. மையத்தில் ராஜுவின் கேஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தபோதுதான் துளசியின் குரல் வந்தது.

"அக்கா, நான் அதே லைன்ல பேக்கிங்ல இருக்கேன். ஆபீசுக்கு வர முடியாது, யாராச்சும் பாத்துடுவாங்க. நீங்க வீட்டுக்கு வாரீங்களா?"

துளசியின் வீடு பழைய தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய்த் தொழிற்சாலைகள் வந்துவிட்ட இடம் அது. லயத்து வீடுகளை மட்டும் இன்னும் யாரும் இடிக்கவில்லை. முன்னறையில் மின்காற்றாடி தடதடத்துக்கொண்டிருந்தது. துளசி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள். கை சும்மா இருந்தால் பேச்சு வரவில்லை போலும். அன்று காலை ஷிப்டு தொடங்கியதிலிருந்து ராஜு கத்திய கத்தல்வரை ஒன்று விடாமல் சொன்னாள். ராஜு வருவதற்கு முன்பே டேப் ஒட்டியாகிவிட்டது என்றாள். கார்மென் வேகமாகத் தட்டினாள். இது போதும், ராஜு மேல் உள்ள பழி நீங்கிவிடும்.

"ஒட்டுனது யாருன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

'அந்த ஸ்விட்சில் டேப்பை ஒட்டியவர்' என்று கார்மென் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். துளசி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

உள்ளே வந்தவன் அவளுடைய தம்பி தீபன். அதே லைனுக்கு லீடர். இரவு ஷிப்டு முடிந்து, அக்காவுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான்.

"இன்சூரன்ஸ் அக்கா" என்றாள் துளசி, அவன் கேட்பதற்கு முன்பே.

"வாங்கக்கா. தே ஓ குடிச்சீங்களா? இவ கேட்டிருக்க மாட்டாளே." சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் கல்யாணப் பத்திரிகையின் இரண்டு மாதிரிகளைக் காட்டினான். தை மாதம் கல்யாணமாம். சிவப்பா மஞ்சளா என்று அவனுக்கும் பெண்ணுக்கும் சண்டையாம். "நீங்க சொல்லுங்கக்கா, வெளியாள் கண்ணுக்குத்தான் சரியாத் தெரியும்."

கார்மென் மஞ்சள் என்றாள். அவன் பக்கத்து வீட்டுக்குத் தூங்கப் போனான். துளசி பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவனா?" என்றாள் கார்மென் மெதுவாக.

"அவன் கைதான் ஒட்டுச்சு. ஆனா மேல இருந்து சொல்லாம அவனா செய்ய மாட்டான்கா. சொன்னதை நான் கேக்கல. ஒட்டுனதை மட்டுந்தான் பாத்தேன். நான் அதைச் சொன்னா மேல உள்ளவன் கையைத் தட்டிட்டுப் போயிடுவான். என் தம்பி ஒருத்தன் மாட்டிக்குவான். கல்யாணம் நின்னு போயிடும்."

"அப்ப போட வேணாமா?"

"போடாதீங்க. பேரை விட்டுட்டுப் போட்டாலும், ஒட்டுனது யாருன்னு கூப்பிட்டுக் கேப்பாங்க."

கார்மெனுக்கு விட மனசில்லை. இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். சேமிக்காமல் மூடுவதற்குக் கையைக் கொண்டுபோனாள். துளசி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்த பொட்டலம் தரையில் விழுந்தது.

"அழிக்காதீங்க அக்கா."

"போடவும் வேணாம், அழிக்கவும் வேணாம்னா நான் என்னம்மா செய்வேன்?"

"எனக்குத் தெரியல. ஆனா அழிக்காதீங்க. இன்னொரு தடவை முழுசா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அப்போதுதான் கார்மெனுக்கு அந்தத் தூக்கம் நினைவுக்கு வந்தது. போடுவதற்கும் அழிப்பதற்கும் நடுவில் அப்படி ஓர் இடம் இருக்கத்தானே செய்கிறது? சாவி யாரிடமும் இல்லாத இடம் வேறு. அவளுக்கே தன் சாமர்த்தியம் பிடித்துப்போனது.

"இப்ப மூடியை மட்டும் மூடிடறேன். இது தூங்கும். யாரும் படிக்க முடியாது, நான்கூட. நீ வந்து சொல்ற அன்னைக்கு உன் முன்னாடிதான் எழுப்புவேன். அது வரைக்கும் தொட மாட்டேன்."

"நெசமா அது இருக்குமா?"

"இருக்கும்."

இப்படித்தான் அந்த லேப்டாப் மையத்தின் இரும்பு அலமாரிக்குள் போனது. மூடியின் மேல் 'எழுப்பக் கூடாது' என்று பெரிதாக எழுதிய தாளை கார்மென் ஒட்டினாள். வேலைக்கு வாசலோரத்தில் கிடந்த பழைய கணினியை எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு வார்த்தை தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். "நல்ல மாட்டைக் கட்டிப்போட்டுட்டு நொண்டி மாட்டை ஓட்டுறியே" என்று மகேந்திரன் முணுமுணுத்தார். அவரிடம் விவரம் சொல்லவில்லை. ஒருவருடைய பொருள் உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

நாள் போகப் போக அந்த அலமாரி அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. ராஜுவின் மனைவி தினேஸ்வரி இரண்டு மூன்று முறை வந்தாள். வந்தால் அழ மாட்டாள், சத்தம் போட மாட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்பாள்.

"ஒருத்தங்க யோசிச்சிக்கிட்டு இருக்காங்க" என்பாள் கார்மென்.

"சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டு விடறேன் அக்கா. அதுகூடப் பரவால்ல. அவரைப் பாக்கறவங்க, நீயேதான டேப்பு ஒட்டுனேன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. அதுக்கப்புறம் வெளியிலேயே போவ மாட்டேங்கறாரு."

கார்மென் அலமாரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவாள். ஒரு பேர். ஒரே ஒரு பேர்தான் பாக்கி. அது அவளுக்குத் தெரியும்; சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. தன் பிடிவாதத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அடிபட்டவன் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, இவள் என்ன பெரிய தர்மம் காக்கிறாள்?

ஆயுத பூசை வந்தது. கார்மெனின் தங்கை பமேலாவின் குழந்தைக்கு அன்றுதான் சித்தியவானில் ஞானஸ்நானம். அவள் போய்விட்டாள். மையத்தில் மகேந்திரன் ஆயுத பூசையை விட மாட்டார். மேசை, நாற்காலி, பிரிண்டர், ஸ்டேப்ளர், தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே என்று கடலை, முறுக்கு வகைகள் வாங்கி வந்து படைப்பார். மறுநாள் விஜயதசமியன்று பொட்டு வைத்த ஒவ்வொரு பொருளையும் ஒரு தடவையாவது ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் முழுக்க முடங்கும் என்பது அவர் நம்பிக்கை. ஸ்டேப்ளரில்கூட ஒரு முள் அடித்துப் பார்ப்பார்.

விஜயதசமி காலையில் கார்மென் படியேறி வந்தபோது அவளுடைய மேசை பளபளவென்று இருந்தது. நடுவில் அந்த லேப்டாப். மூடியில் மூன்று விரல் சந்தனம், மேலே ஒரு செம்பருத்தி. திரை வெளிச்சமாக, கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தது.

ஓடிப்போய்க் கடவுச்சொல்லைத் தட்டினாள். ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட சிலேட்டைப் போலத் திரை வெறுமையாக விரிந்தது. துளசி இல்லை, ராஜு இல்லை, பாதியில் நின்ற அந்த வரி இல்லை.

"யாருண்ணே இதை எடுத்தது?"

"நான்தாம்மா. எல்லா ஆயுதத்துக்கும் பூசை போட்டுட்டு இதை மட்டும் அலமாரிக்குள்ள விட்டா எப்படி? பாவம்லா."

"எழுப்பக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன்ல? கண்ணு தெரியாதா? எங்க அந்தப் பேப்பரு?"

"பேப்பர் மேல சந்தனம் நிக்க மாட்டேங்குது. அதான் உரிச்சேன். பத்திரமா வச்சிருக்கேன், திரும்ப ஒட்டிடலாம்."

"ஒட்டுங்க! நல்லா ஒட்டுங்க! உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தகரத்து மேல ஒட்டி வைங்க! பூசையாம் பூசை!"

மகேந்திரன் கையில் கச்சாங் பூத்தே தட்டு இருந்தது. அதை மெல்ல மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

அழுகையும் கோபமுமாக கார்மென் கூப்பிட்டதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரூபன் ஓடி வந்தான். லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ தட்டிப் பார்த்தான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தான். அவன் காது சிவந்தது.

"அண்ணன் மேல தப்பில்லக்கா."

"அவருதான ஆன் பண்ணாரு!"

"யாரு ஆன் பண்ணியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். நீங்க பண்ணியிருந்தாலும். நீங்க மூடுன அன்னைக்கே போயிடுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"தூங்கப் போவும்போது எல்லாத்தையும் அந்த மூலையில எழுதி, பூட்டிட்டுத்தான் தூங்குச்சு. ஆனா அந்தச் சாவி மெஷினோட ஞாபகத்துலதான் இருந்துச்சு. தூங்குனதும் ஞாபகம் போயிடும்ல? சாவியும் அதோட போயிடுச்சு. எந்திரிச்சதும் புதுசா வேற சாவி செஞ்சுக்கிட்டு, பழசு இருந்த எடத்தையே காலி எடம்னு எடுத்துக்கிச்சு. தூங்கி எந்திரிக்கணும்னா நாமளே ஒரு சாவி வச்சிருந்து, எந்திரிக்கும்போது குடுக்கணும்கா. தூங்க வைக்கறதை மொதல்ல செஞ்சேன், டெஸ்ட் பண்ணேன். பூட்டை அப்புறமா போட்டேன். ரெண்டையும் சேத்து ஒரு தடவை மூடித் தொறந்து பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

யாருக்குமே தெரியாத சாவி வேண்டும் என்று கேட்டது யார்? அதைத் துளசியிடம் பெருமையாகச் சொன்னது யார்? இத்தனை நாளும் தினேஸ்வரி முன்னால் அவள் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்த அலமாரிக்குள் ஒன்றுமே இருந்ததில்லை.

நுரை பொங்கும் தே தாரே டீ ஒன்று வாங்கிக்கொண்டு மகேந்திரன் அறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். "அண்ணே, உங்க தப்பு இல்லியாம்" என்றாள்.

"அதான் ரூபன் சத்தமாச் சொன்னானே."

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னைத் திட்டுனே, சரி, நான் வாங்கிக்கறேன். பூசையத் திட்டுனே பாரு." சொல்லிவிட்டுத் தே தாரேயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவள் கண் கலங்கியிருப்பதைக் கண்டதும் குரலைத் தணித்தார். "உள்ள இருந்தது ராஜு கேஸா?"

அவள் தலையாட்டினாள்.

"அவன் கேஸ் விசாரணை அடுத்த வாரம். சொன்னவங்க சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒரு வரி விடாம இருக்கு."

"அப்ப உக்காந்து திரும்பத் தட்டி வையேன். அவங்க வந்தா எழுப்புற மாதிரி எழுப்பிக் காட்டு. அவங்க சொன்னதுதான? நீயா என்ன கூட்டிச் சொல்லப் போறே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கார்மென் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். உண்மையாகவே விரல்களை விசைகளின் மேல் வைத்தாள். முதல் வரி அப்படியே வந்து நின்றது. ஆனால் அதைத் தட்டினால் அது துளசி சொன்னதாக இருக்காது, கார்மென் சொன்னதாகத்தான் இருக்கும். நான்கூடத் தொட மாட்டேன் என்று சொன்ன வாய் இது. விரல்களை எடுத்துக்கொண்டாள். துளசியைக் கூப்பிட்டு, ஒரு விஷயம் நேரில் பேச வேண்டும், வருகிறேன் என்றாள்.

"வேணாம்கா, நானே வாரேன்" என்றாள் துளசி. "எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மறுநாள் பத்து மணி வாக்கில் துளசி தைப்பிங் பஸ்ஸில் வந்து இறங்கி, படியேறி வந்தாள். இளைத்திருந்தாள். மேசை மேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்ததும் அவள் கண் அதிலேயே நின்றது.

"தூங்குதா?" என்றாள்.

"உக்காரும்மா."

"உக்கார வரலக்கா. விசாரணைக்கு முன்னாடி சொல்லிடணும்னு வந்தேன். ரொம்ப யோசிச்சுட்டேன். அழிச்சிடுங்க. என் தம்பிக்கு எதிரா என் வாயால வேணாம்."

நியாயமாகப் பார்த்தால் கார்மென் தப்பித்துவிட்டாள். சரிம்மா என்று சொல்லி மூடியைத் திறந்து, இரண்டு விசையைத் தட்டி, போய்விட்டது என்றால் போதும். வாக்கும் கெடாது, ரூபனும் தப்பிப்பான், யார் மனமும் நோகாது. அந்தச் சரி அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"அழிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல துளசி" என்றாள். "அது ஏற்கெனவே போயிடுச்சு. அன்னைக்கு உன் வீட்ல நான் மூடுன உடனேயே போயிடுச்சு. பூட்டி வச்சது, சாவியையும் சேத்துத் தொலைச்சிடுச்சு. எனக்கே நேத்துதான் தெரியும். இருக்கும்னு உன்கிட்ட சொன்னேன். இல்ல. என்னை மன்னிச்சுக்கோ."

துளசி நிம்மதியாக மூச்சு விடுவாள் என்றுதான் கார்மென் நினைத்தாள். அவளோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கறுத்துப்போனது.

"இல்லியா?"

"இல்லம்மா."

"நான் அழிக்கச் சொல்ற வரைக்கும் இருக்கும்னீங்களே! நீங்க எப்படி அதைத் தொலைக்கலாம்?"

"அழிக்கச் சொல்லித்தான இப்ப..."

"அது நான் அழிக்கறது! இது வேற!" குரல் உடைந்தது. "பசார்ல ராஜு பொண்டாட்டியப் பாக்கறேன் அக்கா. வாரா வாரம் பாக்கறேன். அவ என்னைப் பாத்துச் சிரிக்கறா. ஒவ்வொரு தடவையும் என் மனசுக்குள்ள என்ன சொல்லிக்குவேன் தெரியுமா? நான் சொல்லிட்டேன், ஈப்போல ஒரு பெட்டியில இருக்கு, ஒரு பேரு மட்டுந்தான் பாக்கின்னு சொல்லிக்குவேன். அதச் சொல்லிச் சொல்லித்தான் ராத்திரி தூங்கறேன். அப்ப இத்தன நாளும் நான் ஒண்ணுமே சொல்லலியா?"

கார்மென் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதற்கு வேறு பதில் கிடையாது.

"இல்ல துளசி. நீ இன்னும் ஒண்ணுமே சொல்லல."

கீழே கடையில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை துளசி நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தொறங்க அதை" என்றாள். "இந்தத் தடவை பேரை மொதல்ல போடுங்க. பின்னால விட்டா எனக்கு வராது."

கார்மென் திறந்தாள். 'அந்த ஸ்விட்சில் டேப்பை ஒட்டியவர் என் தம்பி தீபன்' என்று துளசி சொல்ல, அவள் தட்டினாள்.

"வாசிங்க."

வாசித்தாள்.

"போடுங்க" என்றாள் துளசி. "மொத்தமா முடிச்சிட்டு இல்ல. இப்பவே போடுங்க. ஒவ்வொரு வரியும் சொல்லச் சொல்லப் போடுங்க. தூங்க வைக்கற வேலையெல்லாம் வேணாம்."

அப்படியே நடந்தது. ஒரு வரி, வாசிப்பு, போடு. மறுபடி ஒரு வரி. இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை என்றவள் முழுவதையும் சொன்னாள். போன தடவை மறந்த ஒன்றிரண்டையும் சேர்த்தே சொன்னாள். இந்தத் தடவை மடிக்கத் துணி இல்லை. இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கைப்பேசியை எடுத்தாள்.

"அவனுக்கு நானே சொல்லிடறேன். வேற யாராச்சும் சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது." பேசியை மேசை மேலேயே வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்னக்கா?" தூக்கக் கலக்கத்தில் தீபனின் குரல்.

"தம்பி, நான் ஈப்போல இருக்கேன். ராஜு கேஸ் ஆபீசுல. நீ டேப்பு ஒட்டுனதைப் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் பேசியை வைக்கவில்லை. காற்றாடியின் தடதடப்பு மட்டும் அந்தப் பக்கம் கேட்டது. துளசி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கார்மெனுக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"யாரு ஒட்டச் சொன்னதுன்னு எழுதுனியா?" என்றான் கடைசியில்.

"அது எனக்குத் தெரியாதுல்ல. நான் கேக்கலியே."

மறுபடி காற்றாடி. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

"நான் கேட்டேன்ல" என்றான். "அந்த ஆபீசு எங்க இருக்கு?"

துளசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையை விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"பழைய டவுன்ல. கீழ மோட்டார் சாமான் கடை. படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறி வா."